மலாலாவின் புத்தகக் கூட்டத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? (லண்டன்)

#1 பனங்கூடல்

எல்லாருக்கும் வணக்கம். கனகாலமாய் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்த ஆள், இண்டைக்குத்தான் முதன்முதலா ஒரு இழை துவங்கிறன்.

மலாலா யூசஃப்சாயின்ர புதுப் புத்தகம் 'ஃபைண்டிங் மை வே' 2025 அக்டோபரில வருகுது. அதை ஒட்டி அவா ஊர் ஊராய்ப் போய் மேடையில இருந்து கதைக்கிறா. லண்டன் கூட்டத்துக்கு எனக்கும் மகளுக்கும் ரெண்டு டிக்கெட் எப்பவோ எடுத்துப்போட்டன். மகளுக்கு 13 வயசு. இப்ப மனம் தளம்புது.

டிக்கெட் எடுக்கேக்க நான் நினைச்சது இதுதான்: 2012இல பாகிஸ்தானில பள்ளிக்கூட வேனில வைச்சுத் தலிபான் சுட்டும் படிப்பை விடாத பிள்ளை, அவாவை நேரில பார்த்தாலாவது என்ர ஆள் ஃபோனைக் கீழ வைப்பாள். ஆனால் போன கிழமை பேப்பரில வந்த பகுதியை வாசிச்சால், ஒக்ஸ்ஃபோர்ட்டில சிநேகிதரோட இருந்து கஞ்சாப் புகை இழுத்தது, அதோட பழைய சூட்டுச் சம்பவம் முழுக்கத் திரும்பி வந்து நடுங்கினது, பேந்து மனநல ஆலோசகரிட்டப் போனது, கட்டுரை எழுதாமல் தள்ளிப்போட்டுப் படிப்பில பின்னுக்கு நிண்டது, இரவில கல்லூரிக் கூரையில ஏறினது. இதைக் கேக்கவே நான் பிள்ளையைக் காசு குடுத்துக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு இருக்கு.

மகளோ வரவே மாட்டன் எண்டு நிக்கிறாள். "அம்மா, ப்ரைமரியில இருந்து அசெம்பிளியில மலாலா, மலாலா எண்டு கேட்டுக் காது புளிச்சுப்போச்சு" எண்டுறாள்.

போகலாமா? இப்பிடிக் கூட்டங்கள் எப்பிடி நடக்கும்? கையெழுத்து வாங்கலாமோ? போன ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ.

#2 ஒன்டாரியோக்குளிர்

நான் மலாலாவின் கூட்டத்துக்குப் போனதில்லை. வேறு எழுத்தாளர்களின் கூட்டங்கள் நாலைந்துக்குப் போயிருக்கிறேன். எல்லாம் ஏறத்தாழ ஒரே அச்சு.

ஒரு மணி நேரம் அல்லது கொஞ்சம் கூட. மேடையில் இரண்டு நாற்காலி. ஒருவர் கேட்பார், எழுத்தாளர் பதில் சொல்லுவார். புத்தகத்தில் இருந்து வாசிப்பது ஐந்து நிமிடம் வந்தால் அதிகம். கடைசியில் சபையில் இருந்து சில கேள்விகள். பெரிய ஆட்கள் என்றால் உங்கள் முன்னால் இருந்து கையெழுத்துப் போடமாட்டார்கள். ஏற்கனவே கையெழுத்திட்ட பிரதிதான் மேசையில் அடுக்கியிருக்கும். செல்ஃபி ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இவர் விஷயத்தில் பாதுகாப்புச் சோதனையும் இருக்கும், நேரத்துக்கு முன்னரே போய்விடுங்கள்.

டிக்கெட்டோடு புத்தகத்தையும் சேர்த்துத் தலையில் கட்டுவது ஏன் என்று சிலர் கேட்பார்கள். முதல் கிழமை விற்பனையை வைத்துத்தான் விற்பனைப் பட்டியலில் இடம் தீர்மானமாகும். ஆயிரம் பேர் மண்டபத்துக்குள் வந்தால் ஆயிரம் பிரதி. சுற்றுப்பயணம் என்பது பதிப்பாளருக்குக் கணக்கு, நமக்குத்தான் தரிசனம்.

13 வயது பற்றி: பிள்ளை ஃபோனில் இதைவிட எவ்வளவோ பார்த்திருக்கும். பயப்பட வேண்டாம்.

#3 மதுரைவாசகன்

மன்னிக்கணும் தோழர், கொஞ்சம் கசப்பாத்தான் சொல்லப் போறேன். கல்வி உரிமைன்னாலே எதுக்கு எல்லாரும் மலாலாவையே தூக்கிட்டு வர்றோம்? 1848-ல புனேல சாவித்திரிபாய் புலே பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினப்ப தெருவுல போறவன் சாணியை எறிஞ்சான். 1911-ல கல்கத்தாவுல பேகம் ரொக்கையா முஸ்லிம் பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினாங்க. புதுக்கோட்டை மன்னர் கல்லூரில முத்துலட்சுமியைச் சேர்க்கக் கூடாதுன்னு எவ்வளவு எதிர்ப்பு! இவங்க யாரும் டிக்கெட் போட்டு மேடையேறலை.

இன்னொண்ணு. 2014 நோபல் அமைதிப் பரிசு மலாலாவுக்கு மட்டும் குடுக்கலை. பாதி கைலாஷ் சத்யார்த்திக்கு. குழந்தைத் தொழிலாளர்களை மீட்ட மனுஷன். நம்ம நாட்டுக்காரரே. இந்த இழையைப் படிக்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு அவர் ஞாபகம் வந்துச்சு? கையைத் தூக்குங்க பாப்போம்.

#4 காயல்கரை

கை தூக்கல. எனக்கும் ஞாபகம் வரல.

ஆனா நான் வேற எடத்துலேருந்து பேசுறேன். மலாலா மேல எனக்குக் கோபம் இல்ல. அந்தப் புள்ளைய வச்சு நடக்குற கடை மேலதான் கோபம். 2013 அக்டோபர் மாசத்தை மட்டும் எடுத்துக்குங்க. 8ஆம் தேதி அவங்க முதல் புத்தகம் வருது. 11ஆம் தேதி வெள்ளை மாளிகைல ஒபாமாவைப் பாக்குறாங்க, உலகம் பூரா போட்டோ. அதே மாசம் 29ஆம் தேதி வடக்கு வஜீரிஸ்தான்லேருந்து ஒரு குடும்பம் அமெரிக்கக் காங்கிரசுக்கு வருது. அமெரிக்க ட்ரோன் தாக்குதல்ல பாட்டி செத்துட்டாங்க, ஒன்பது வயசுப் புள்ளைக்குக் காயம். அதைச் சொல்ல வந்தாங்க. கேக்க வந்த உறுப்பினர் அஞ்சே பேர். ரெண்டும் பாகிஸ்தான் பஷ்தூன் புள்ளைங்கதான். சுட்டது யாருங்குறதுலதான் வித்தியாசம்.

நியாயமா இதையும் சொல்லணும்: ட்ரோன் தாக்குதல் பயங்கரவாதத்தை வளக்குதுன்னு மலாலா ஒபாமாகிட்டயே சொன்னாங்க. அந்த வரியை வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கைல காணோம். காசா விஷயத்துல வாயத் தொறக்கலைன்னு திட்டுனவங்கள்ல நானும் ஒருத்தன். 2023-லேயே பாலஸ்தீன மக்களுக்காக மூணு அமைப்புகளுக்கு 3 லட்சம் டாலர் குடுத்தாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இந்தப் பக்கம் நாம திட்டுறோம், அந்தப் பக்கம் பாகிஸ்தான்ல தனியார் பள்ளிக்கூடச் சங்கமே அவங்க புத்தகத்தை லைப்ரரிக்குள்ள விட மாட்டோம்னு 2013-ல அறிவிச்சுது. கல்விக்காகப் பேசுன புள்ளையோட புத்தகத்துக்குப் பள்ளிக்கூடத்துலயே தடை. இதுக்கு மேல என்ன சொல்ல.

சகோதரி, போயிட்டு வாங்க. ஆனா மேடைல இருக்குறவங்கள மட்டும் பாக்காம, மேடைய யார் போட்டாங்கன்னும் மகளுக்குச் சொல்லிக் குடுங்க.

#5 நெல்லை டீச்சர்

ஆம்பளைங்க ரெண்டு பேரும் உலக அரசியலைப் பேசி முடிச்சிட்டீங்களா? இப்ப நான் பேசுறேன்.

34 வருஷம் அரசுப் பள்ளிக்கூடத்துல இருந்தேன். பெண் பிள்ளைங்க ஏன் நிக்கிதுங்கன்னு எனக்குத் தெரியும். எங்க ஊர்ல யாரும் துப்பாக்கி எடுத்துட்டு வரலை. பிள்ளை பெரியவளானா மறுநாள் பெஞ்சு காலியா இருக்கும். வீட்டுக்குப் போனா, "சடங்கு முடியட்டும் டீச்சர்"ம்பாங்க. சடங்கு முடியும், பிள்ளை வராது. பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர், பஸ் ரெண்டு வேளைதான். இலவச பஸ் பாஸ் வந்துச்சு, சைக்கிள் வந்துச்சு, கொஞ்சம் கொஞ்சமா பெஞ்சு நிறைஞ்சுது. கழிப்பறைக் கதவுல தாழ்ப்பாள் இல்லாததால மாசத்துல நாலு நாள் வராம இருந்த பிள்ளைங்களை எனக்குத் தெரியும். தாழ்ப்பாள் விலை அப்ப பதினஞ்சு ரூபா. என் கைக்காசுல போட்டேன். தாழ்ப்பாளுக்கு யாரும் பரிசு குடுக்க மாட்டாங்க, விடுங்க.

மலாலா கதைல எல்லாரும் அந்தப் பிள்ளையைப் பத்தியும் அப்பாவைப் பத்தியும் பேசுவாங்க. அப்பா ஸ்வாத் பள்ளத்தாக்குல பள்ளிக்கூடம் நடத்தினவர். மகளோட சிறகை நான் வெட்டலை, அவ்வளவுதான்னு அவர் சொன்னது ரொம்பப் பிரபலம். எனக்குப் பிடிச்சவங்க அவங்க அம்மா, தூர் பேக்காய். ஆறு வயசுல பள்ளிக்கூடம் போனாங்களாம். கூட விளையாடுற பொண்ணுங்க எல்லாம் வீட்டுல இருக்க, தான் மட்டும் போறது பிடிக்காம, புத்தகத்தை எல்லாம் ஒன்பது அணாவுக்கு வித்து மிட்டாய் வாங்கித் தின்னுட்டாங்களாம். அதோட படிப்பு முடிஞ்சுது. பிறகு மகள் சுடப்பட்டு, பர்மிங்காமுக்கு வந்து, அந்த வயசுல எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சாங்க. இவங்களுக்கு யாராவது மேடை போட்டா நான் டிக்கெட் எடுத்துட்டு வர்றேன்.

பனங்கூடல் அம்மா, ஒண்ணு கேக்கலாமா, தப்பா நினைக்காதீங்க. நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?

#6 பனங்கூடல்

ரீச்சர், தாழ்ப்பாள் கதை வாசிச்சுச் சிரிச்சனான், பேந்து சிரிப்பு நிண்டுபோச்சு.

காயல்கரை அண்ணை சொன்னது விளங்குது. பள்ளிக்கூடப் பிள்ளையள் செத்தால் ஆர் கொன்றது எண்டதைப் பொறுத்துத்தான் உலகம் பேர் கேக்கும். 1995 செப்ரெம்பரில எங்கட யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில அரசாங்க விமானம் குண்டு போட்டது. பள்ளிக்கூடத்தில நிண்ட பிள்ளையள் இருவதுக்கு மேல செத்தவை. அதில ஒரு பிள்ளையின்ர பேர் இஞ்ச லண்டனில ஆருக்கும் தெரியுமோ?

ஒன்டாரியோக்குளிர், தகவலுக்கு நன்றி.

#7 தேயிலைத்தூசி

ஹட்டன் பக்கத்துல இருந்து. இழைக்கு லேட்டா வந்துட்டேன்.

இலங்கையில இலவசக் கல்வின்னா அப்ப கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கராவைத்தான் சொல்லுவாங்க, 1945. நல்ல விஷயம்தான். ஆனா எங்க தோட்டப் பிள்ளைங்களுக்கு அது அப்ப வரல. தோட்டப் பள்ளிக்கூடம் கம்பனி கையில இருந்துச்சு. ஒரு ஹோல், ஒரு வாத்தியாரு, அஞ்சு வகுப்பும் ஒரே எடத்துல. அதுக்கு மேல பிள்ளை படிச்சா கொழுந்து பறிக்க யாரு வர்றது? 1970கள்லதான் அரசாங்கம் அந்தப் பள்ளிக்கூடங்களை எடுக்க ஆரம்பிச்சுது. எங்க அம்மா பிள்ளைக்காம்பராவுல (தோட்டத்துல சின்னப் பிள்ளைங்களைப் பார்த்துக்கிற எடம்) இருந்து நேரா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவங்க. இப்பவும் சம்பளச் சிட்டையில பேரை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாங்க.

துப்பாக்கி இல்லாம ஒரு தலைமுறையையே படிக்க விடாம வைக்கலாம்ங்க. டீச்சர் சொன்னதுதான்.

அப்புறம், அந்த வேன்ல மலாலாவோட இன்னும் ரெண்டு பிள்ளைங்களுக்கும் சூடு பட்டுச்சு. கைனாத், ஷாசியா. ரெண்டு பேரும் பிறகு பிரித்தானியாவுக்கு வந்து எடின்பரோவுல பல்கலைக்கழகம் வரைக்கும் படிச்சாங்க. அவங்க பேரை இந்த இழையில யாராவது சொல்லுவாங்கன்னு பார்த்தேன்.

#8 மதுரைவாசகன்

தூசி தம்பி, அருமை. இதைத்தான் நானும் சொல்றேன். ஒரு முகத்தை வச்சுக்கிட்டா மத்த முகமெல்லாம் மறைஞ்சுடுது. அதுலயும் இப்ப அந்த முகமே கல்யாணம், ஃபேஷன், வோக் அட்டைப்படம், பிராட்வே தயாரிப்புன்னு போயிட்டிருக்கு. போராளின்னு சொல்றதுக்கு என்ன மிச்சம் இருக்கு? இதுல கஞ்சா வேற. பெண் பிள்ளைங்களுக்கு முன்மாதிரியாம்!

#9 நெறியாளர்

விமர்சனம் தாராளமாக இருக்கட்டும். ஒரு பெண்ணின் உடை, திருமணம் பற்றி இனி பதிவு வந்தால் நீக்கப்படும். 2017இல் ஜீன்ஸ் போட்டுக் கல்லூரிக்குப் போனார் என்று அவரைத் திட்டித் தீர்த்த கூட்டத்தின் கிளையை இங்கே திறக்க வேண்டாம்.

#10 தருமபுரிப்பொண்ணு

நான் இங்க எழுதுறதே இல்ல, ஆனா #8 படிச்சதும் கை சும்மா இருக்கல.

எங்க வீட்ல மட்டும் இல்ல, எங்க தெருவுலயே நான்தான் முதல் டிகிரி. சென்னைல ஹாஸ்டல்ல இருந்து மூணாம் வருஷம் படிக்கிறேன். மாசாமாசம் தமிழ்நாடு அரசோட புதுமைப்பெண் திட்டத்துல ஆயிரம் ரூபா வருது, அதுலதான் மெஸ்ஸுக்கு மேல உள்ள செலவெல்லாம். ஊருக்குப் போனா பொண்ணைப் பெத்தவங்க எல்லாம் என்னைத்தான் காட்டுவாங்க. போன ஆடி மாசம் மாரியம்மன் திருவிழாவுல மைக்கைக் கைல குடுத்து, "நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லும்மா"ன்னாங்க. நானும் சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. எங்க அம்மா அழுதாங்க.

அன்னைக்கு எனக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ்ல ரெண்டு அரியர், ஃபெயிலாகித் திரும்ப எழுத வேண்டிய பேப்பர். யாருக்கும் தெரியாது. இப்ப இங்கதான் முதல் தடவை சொல்றேன்.

பேப்பர்ல வந்த அந்தப் பகுதியை நானும் படிச்சேன். நோபல் வாங்கின பொண்ணு கட்டுரை முடிக்க முடியாம திணறுது, படிப்புக்காகவே சுடப்பட்ட பொண்ணு படிப்புல பின்தங்குது. உலகத்துக்கிட்ட அதைச் சொல்லவும் முடியாது, ஏன்னா அவங்க வேலையே 'படிங்க'ன்னு சொல்றதுதான். எனக்கு அந்த எடத்துல மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. சாவித்திரிபாய், முத்துலட்சுமி எல்லாரையும் பாடத்துல படிச்சுட்டுதான் வந்தேன் அண்ணா. அவங்க யாரும் அரியர் வச்ச கதை பாடத்துல இல்ல.

அக்கா, பாப்பாவைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. அந்தக் கதைக்காகவே.

#11 மதுரைவாசகன்

தருமபுரிப்பொண்ணு, நான் எழுதின கடைசி ரெண்டு வரியை வாபஸ் வாங்கிக்கிறேன். மத்ததெல்லாம் அப்படியே நிக்குது. ஸ்டாடிஸ்டிக்ஸ்ல எந்தப் பகுதி இடிக்குது? நான் முப்பது வருஷம் எல்.ஐ.சி.யில கணக்குப் பார்த்தவன். தனிமடல்ல கேளும்மா, சொல்லித் தர்றேன்.

#12 தருமபுரிப்பொண்ணு

ப்ராபபிலிட்டி அண்ணா. மடல் போடுறேன்.

#13 ஒன்டாரியோக்குளிர்

இழை வேறு திசையில் போகிறது, நல்லதுதான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 'போராளி என்று சொல்ல என்ன மிச்சம்' என்று கேட்டார் மதுரைவாசகன். 2021 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானில் பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் மூடப்பட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. இன்றைக்கும் திறக்கவில்லை. அந்த நாட்டில் பெண்கள் மேல் நடப்பதை நிறவெறிக்கு நிகரான குற்றமாகச் சர்வதேசச் சட்டத்தில் எழுத வேண்டும் என்று அவர் தொடர்ந்து கேட்டு வருகிறார். 2025 ஜனவரியில் இஸ்லாமாபாத் மாநாட்டில் முஸ்லிம் நாடுகளின் பிரதிநிதிகள் முன்னால் நின்றும் அதைப் பேசினார். தலிபானையும் அழைத்திருந்தார்கள், அவர்கள் வரவில்லை. நோபல் பணத்தில் ஸ்வாத்துக்குப் பக்கத்து ஷாங்லா மாவட்டத்தில் பள்ளிக்கூடம் கட்டினார், அது 2018இல் இருந்து நடக்கிறது. வோக் அட்டைப்படமும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது.

#14 பனங்கூடல்

போட்டு வந்தம். ரெண்டு நாளாய் எழுத நேரம் கிடைக்கேல்லை, இப்பதான் ஆறுதலாய் இருக்கிறன். நீளமாய்ப் போகும், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

மகளை எப்பிடிக் கிளப்பினன் எண்டு முதலில சொல்லவேணும். கெஞ்சி, பேசி ஒண்டும் சரிவரேல்லை. கடைசியா, தருமபுரிப் பிள்ளை எழுதினதை இங்கிலீசில சொன்னன். அரியர் எண்டால் என்ன எண்டு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. கேட்டுட்டு, "she's funny" எண்டு சொல்லி ஜாக்கெட்டைப் போட்டாள். தங்கச்சி, உனக்குத்தான் நன்றி.

ஜுபிலி லைனில போனம். வழி முழுக்கக் காதில இயர்ஃபோன். மண்டப வாசலில நீள வரிசை. பெரும்பாலும் அம்மாவும் மகளும். பாகிஸ்தான் ஆக்கள் மூண்டு தலைமுறையாய் வந்திருந்தவை, சால்வை போர்த்த அம்மம்மாமார் பிளாஸ்கோட. பள்ளிக்கூட உடுப்போட வந்த பிள்ளையளும் நிண்டவை. பையைத் திறந்து பாத்தவை. மகளின்ர தண்ணிப் போத்தலை வாங்கி வைச்சிட்டினம், அதில ஒரு கோபம். ஒன்டாரியோக்குளிர் சொன்ன மாதிரியே புத்தகத்தில ஏற்கனவே கையெழுத்து. "இது அவாதான் போட்டதோ, மிஷினோ?" எண்டு மகள் விரலால தடவிப் பாத்தாள்.

எங்கட இருக்கை மேல்மாடியில கடைசிக்கு முதல் வரிசை. மேடையில இருந்தவா எனக்கு விரல் நகத்தளவு. மேடைக்கு வந்த உடன எல்லாரும் எழும்பி நிண்டவை, நானும் எழும்பினன். மகள் இருந்தபடியே இருந்தாள். இழுத்து எழுப்புவம் எண்டு கை போனது, விட்டிட்டன்.

அவா என்ன சொன்னவா எண்டு நான் இஞ்ச வசனம் வசனமாய் எழுதேல்லை. குறிப்பு எடுக்கேல்லை, பிழையாய் எழுதி இன்னொருவர் வாயில சொல்லு வைக்கிறது பாவம். கனக்கச் சிரிக்க வைச்சா, அது எதிர்பாக்காதது. முகத்தில ஒரு பக்கம் மற்றப் பக்கம் மாதிரி அசையாது எண்டது பெரிய திரையில தெரிஞ்சது. அதைப் பாத்த உடன எனக்குத் தொண்டை அடைச்சது, ஆனால் அவா பகிடிதான் விட்டுக்கொண்டு இருக்கிறா. எனக்குப் பக்கத்தில இருந்த அம்மா 2012 பற்றிக் கதை வந்தால் மட்டும் நிமிந்து இருப்பா. ஒக்ஸ்ஃபோர்ட்டுக் கதை வந்தால் கைப்பையுக்குள்ள எதையோ தேடுவா. நானும் வரேக்க அப்பிடித்தானே வந்தனான். மகள் அதுக்கு நேர்மாறு. கூரையில ஏறின கதைக்கு முன்னுக்குக் குனிஞ்சு கேட்டாள்.

கேள்வி நேரம் எங்கட ஊர் இலக்கியக் கூட்டம் மாதிரியே. ஒரு ஐயா மைக்கைப் பிடிச்சு, தன்ர சரித்திரம் சொல்லி, பாரதியார் மாதிரி ஆரோ உருதுக் கவிஞற்ற ரெண்டு அடி பாடி, கடைசியில கேள்வியே கேக்காமல் இருந்திட்டார். எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த ஐயாவைக் காணலாம்.

இனித்தான் ரீச்சருக்குப் பதில். நீங்கள் கேட்டதை நான் கண்டும் காணாத மாதிரி விட்டனான்.

திரும்பி வரேக்க ட்ரெயினில மகள் புத்தகத்தை எடுத்து வாசிக்கத் துவங்கினாள். இயர்ஃபோன் இல்லை. வெம்ப்ளி தாண்டேக்க கேட்டாள், "அம்மா, நீங்கள் ஏ.எல்.லில என்ன பாடம் செய்தனீங்கள்?" எண்டு. அவளுக்கு நான் சொல்லி வைச்சது நான் ஏ.எல்., அதாவது பன்ரெண்டாம் வகுப்பு மாதிரி, முடிச்சனான் எண்டு. அவள் சின்னப்பிள்ளையாய் இருக்கேக்க எப்பவோ சொன்னது, அப்பிடியே நிண்டுபோச்சு. "நான் அந்தக் குப்பி விளக்கில படிச்சு வந்தனான், உனக்கு ரியூசன், லப்டொப் எல்லாம் இருக்கு" எண்டு பேசிறதுக்கு அது வசதியாயும் இருந்தது.

குப்பி விளக்கு உண்மை. கரண்டும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில ரெண்டு பேர் ஒரு கொப்பியைப் பிடிச்சுப் படிச்சம். ஆனால் 1995 டிசம்பரில எனக்கு ஓ.எல்., அதாவது பத்தாம் வகுப்பு மாதிரிச் சோதினை. அக்டோபர் 30ஆம் திகதி இரவு, ஆமி வருகுது எண்டு யாழ்ப்பாணமே எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்தடியில மழைக்குள்ள அம்மான்ர கையைப் பிடிச்சபடி நான். சோதினைப் புத்தகங்களை ஒரு உரப்பையுக்குள்ள போட்டு என்ர தலையில வைச்சிருந்தன். விடியப்புறம் தம்பிக்குக் காய்ச்சல் எண்டு அவனைத் தூக்கவேண்டி வந்தது. பையை மதிலடியில வைச்சிட்டுத் தூக்கினன். திரும்பி எடுக்கேல்லை. சாவகச்சேரி, பேந்து கிளிநொச்சி. போன இடத்தில பள்ளிக்கூடம் எண்டால் சனம் படுக்கிற இடம். சோதினை எழுதேல்லை. அதுக்குப் பிறகும் எழுதேல்லை.

இதை முதல்தரமாய் ஸ்ரான்மோர் ட்ரெயினில வைச்சு அவளுக்குச் சொன்னன். அவள் அழுவாள், கட்டிப்பிடிப்பாள் எண்டு நினைச்சன். அவள் கேட்டது ஒண்டுதான்: "அப்ப ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

என்னட்டப் பதில் இருக்கேல்லை. இறங்கிற இடமும் வந்திட்டுது.

#15 நெல்லை டீச்சர்

அம்மா.

உங்களை மாதிரி எத்தனை அம்மாக்கள்கிட்ட நான் ரேங்க் கார்டுல கைநாட்டு வாங்கியிருக்கேன். மகளுக்குத் தெரியக் கூடாதுன்னு தனியா வந்து மையைத் தொடுவாங்க. சில பேர் கையெழுத்துப் போடத் தெரிஞ்ச மாதிரி கோணல்மாணலா ஏதோ வரைவாங்க, நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நான் அன்னைக்கு உங்களைக் கேட்டது தப்புதான். கேக்கணும்னு தோணுச்சு, கேட்டுட்டேன்.

#16 காயல்கரை

அந்த மதிலடியில வச்ச பையை என்னால மறக்க முடியல சகோதரி.

எங்க ராத்தா எட்டாவதோட நின்னவங்க. இந்த இழையை அப்படியே படிச்சுக் காட்டினேன். பாலம் வந்த எடத்துல "போதும்டா"ன்னுட்டு எழுந்து போயிட்டாங்க. அரை மணி நேரம் கழிச்சு வந்து, "அப்புறம் அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு?"ன்னு கேட்டாங்க. நான்தான் வாசிச்சு முடிச்சேன்.

#17 தேயிலைத்தூசி

அக்கா, ஒரு உபயோகமான விஷயம். இங்கிலாந்துல பத்தொன்பது வயசுக்கு மேல உள்ளவங்க, ஜி.சி.எஸ்.ஈ. (அங்க பதினாறு வயசுல எழுதுற பரீட்சை) மெத்ஸ், இங்லிஷ் பாஸ் இல்லாட்டி இலவசமாப் படிக்கலாம்னு என் மச்சான் சொன்னான். அவனே போன வருஷம் எழுதினான், 41 வயசுல. பக்கத்துக் கொலேஜ்ல கேட்டுப் பாருங்க.

#18 மதுரைவாசகன்

நான் இன்னும் அதே கருத்துலதான் இருக்கேன், ஒரு முகத்தை மட்டும் தூக்கக் கூடாது. ஆனா அந்தக் கூட்டத்துக்கு நீங்க போகாம இருந்திருந்தா இதை எழுதியிருக்க மாட்டீங்கன்னும் தெரியுது. அதனால இப்போதைக்கு வாயை மூடிக்கிறேன். தருமபுரிப் பிள்ளைக்கு நவம்பர்ல அரியர் பரீட்சை, தினம் ராத்திரி எட்டு மணிக்கு ப்ராபபிலிட்டி ஓடிட்டிருக்கு.

புத்தகம் எப்படி இருக்கு? வாங்கலாமா?

#19 பனங்கூடல்

தூசித் தம்பி, கொலேஜ் விசயம் எனக்கு முதலே தெரியும். நாலு வருசமாய் அந்தப் பாரத்தை அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன். எடுத்துத் தூசி தட்டினன், அவ்வளவுதான் இப்போதைக்கு.

காயல்கரை அண்ணை, அக்காவுக்குச் சொல்லுங்கோ: பிள்ளை ரெண்டு நாள் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. நேற்று இரவு சாப்பாட்டு மேசையில திடீரெண்டு, அந்த உரப்பையுக்குள்ள என்னென்ன புத்தகம் இருந்தது எண்டு கேட்டாள். சமயபாடம், கணிதம் ரெண்டும் ஞாபகம் வந்தது. மற்றது யோசிச்சு யோசிச்சுப் பாத்தன், வரேல்லை.

மதுரை அண்ணை, புத்தகம் எப்பிடி எண்டு என்னைக் கேக்காதேங்கோ. நான் இன்னும் வாசிக்கேல்லை. அது அவளின்ர பள்ளிக்கூடப் பையுக்குள்ள கிடக்கு. கேட்டால் தான் முடிச்சிட்டுத்தான் தருவாளாம்.